மாடிக் குழாய்க்குக் கதவு தேர்ந்த உயர்மட்டக் குழு

நாகரிகம் எங்கே தொடங்கியது என்று வரலாற்றுப் புத்தகங்கள் வீணாக அடித்துக்கொள்கின்றன. அது 1964-இல், தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில், என் மச்சான் துளசிராமன் வீட்டு மாடிக் கக்கூஸிலிருந்து கீழே இறங்கும் இரும்புக் குழாயில் தொடங்கியது. நான் பக்கத்திலேயே நின்றவன். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், ஆனாலும் நின்றேன்.

மச்சானுக்குப் பாத்திரக் கடை. மகள் சகுந்தலாவைப் பெண் கேட்ட வேலூர்க்காரர்கள், "மாடியிலேயே கக்கூஸ் கட்டறாங்களாமே?" என்று ஆவலாக விசாரித்திருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்து, நேரில் பார்த்து, முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஆக, சகுந்தலாவின் தாலி அந்தக் குழாய்க்குள்தான் இருந்தது.

அடைத்துக்கொண்டால் திறப்பதற்குக் குழாயின் அடியில் ஒரு வாய் வேண்டும் என்றார் கொத்தனார். அதைத் தேர்ந்தெடுக்க 'உயர்மட்டக் குழு' அமைந்தது. மச்சான் தலைவர். பாலகாட் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் நிபுணர். நான் காபி குடிக்க.

இரும்புக் கடை முனிரத்தினம் இரண்டு சாமான்களை எடுத்து வைத்தார்.

"இது சின்ன மூடி. திருகித் தெறந்து, மூங்கில் பட்டைய உட்டுக் குத்துனா போதும். வூட்டுக்காரரே செய்யலாம்."

மச்சான் முகம் சிவந்தது. "இன்னாய்யா, நானு குத்தறதா?"

"அப்போ பெரிய கதவு. கைய உட்டே எடுக்கலாம்."

"சுரங்கத்துல சாஃப்டுன்னு ஒரு குழி இருந்தா ஆள் எறங்க வழி வெக்கணும்" என்று தீர்ப்பளித்தார் எட்மண்ட்.

"பெரிசுலயும் பல சைஸ் கீது. யார் கைக்குப் பாக்கறது?"

இந்த ஒழுங்கீனமான கேள்வியால் சபை கலங்கியது. மூவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டோம்.

சின்னசாமியைக் கூப்பிட்டு அனுப்பினோம். பஜார் கக்கூஸ்களையெல்லாம் கழுவுகிறவர். ஆனால் அளப்பதில் ஒரு 'தொழில்நுட்பச் சிக்கல்'. அவர் கையில் பட்ட டேப்பை அப்புறம் எங்கே வைப்பது? ஞாயிறுதோறும் சர்ச்சில் உரக்கப் பாடும் எட்மண்டும் டேப்பை நீட்டவில்லை. மச்சானுக்குத்தான் அந்த யோசனை உதித்தது.

"சின்னசாமி, கைய வெயில்ல நீட்டு!"

தரையில் விழுந்த நிழலை அளந்தோம். மாலை வெயிலில் உள்ளங்கையின் நிழலே முழங்கை நீளத்துக்குக் கிடந்தது. கடையில் இருந்ததிலேயே பெரிய கதவை வாங்கினோம். விஞ்ஞானம் வென்றது.

மச்சான் மனைவி சௌந்தரம் மட்டும், "சின்ன மூடியே வெச்சிருக்கலாம். நானே தெறந்துக்குவேனே" என்றாள். பெண்களுக்குக் 'குடும்ப கௌரவம்' எங்கே புரிகிறது!

கிரகப்பிரவேசத்தன்று வேலூர்க்காரர்கள் திரளாக வந்து, மாடியை முறைவைத்துப் 'பரிசோதித்தார்கள்'. பந்தி முடிவதற்குள் குழாய் அடைத்துக்கொண்டது. மேலே தண்ணீர் ஏற ஆரம்பித்தது.

"ஐயோ, எம் பொண்ணு கல்யாணம் போச்சே!" என்று சௌந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் சின்னசாமி வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் பந்தல். சலவை வேட்டியில் நின்றிருந்தார்.

"எம் பொண்ணுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம். வரமாட்டேன்."

"யோவ், உன் கைக்குன்னே அளந்து வெச்ச கதவுய்யா!"

"எங் கைய எங்க அளந்தீங்க? நெழலத்தானே அளந்தீங்க? அத்தயே வந்து தெறக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து 'அறிக்கை' சமர்ப்பித்தேன். வானம் மூடிக்கிடந்தது. நிழலுக்கும் அன்று லீவு. மச்சான் எட்மண்டைப் பார்த்தார். எட்மண்ட் என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன். கடைசியில் மச்சானே பட்டுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவைத் திறந்ததும் வேலூரின் பெருமையெல்லாம் அவர் வேட்டியில் இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டார். மாடியில் தண்ணீர் வடிந்தது, சகுந்தலாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது.

கதவு மச்சான் கைக்கும் தாராளமாகவே இருந்தது. எந்தக் கைக்காக வாங்கியது என்று அந்த இரும்புக்கு எப்படித் தெரியும்? அது படித்ததில்லை, சர்ச்சுக்கும் கோயிலுக்கும் போனதில்லை, உயர்மட்டக் குழுவில் இருந்ததுமில்லை.