இவருக்குப் பதில் இவர்

கறம்பக்குடி,
செவ்வாய்க்கிழமை.

கிறிஸ்துவுக்குள் பிரியமுள்ள மகன் ஜெரால்டுக்கு, பெரியப்பா அருள்தாஸ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம், அதனால் எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. உட்கார்ந்து படி.

போன் இருக்கும்போது கூரியரில் கடிதமா என்று கேட்பாய். வீட்டுப் போன் உன் பெரியம்மா சந்தனமேரி கையில் இருக்கிறது. நான் யாரிடம் பேசினாலும் பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த காலத்தில் எத்தனையோ ரகசியக் கோப்பு என் மேஜையில் கிடந்தது, அப்போதுகூட இப்படி ஒளிந்து எழுதியதில்லை. இதைக் கடைத்தெரு ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம், நீ எழுதுகிற சீரியல். சக்திதரனாக நடித்தவர் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார், சரி. எல்லா சீரியலிலும் செய்வதுபோல் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்தில் காட்டிவிட்டுப் புது ஆளை நிறுத்தியிருந்தால் ஜனங்கள் பேசாமல் பார்த்திருப்பார்கள். நீ என்ன செய்தாய்? ராணுவத்தில் இருந்த சக்திதரனைக் காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய், கண்ணாடிக் கூண்டில் அடைத்து, ரகசியப் பரிசோதனை என்று சொல்லி ஊசி போட்டு, முகத்தையும் மூளையையும் மாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். எங்கேயடா பிடித்தாய் இதை என்று கேட்டதற்கு, “அமெரிக்காக்காரன் கப்பலையே மாயமா மறைய வச்சான்னு ஒரு கத சுத்துது பெரியப்பா. சிப்பாய்க்கு மருந்து குடுத்து புத்திய மாத்துனாங்கன்னு இன்னொரு கத சுத்துது. ரெண்டையும் போட்டு ஒரு தாளிப்பு” என்றாய். நீ தாளித்த தாளிப்பில் இங்கே என் வீடு பற்றிக்கொண்டு எரிகிறது.

நம் வசந்த் லீவில் வந்திருக்கிறான். என் மகள் பிளெஸ்ஸிக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற அதே வசந்த்தான், கட்டுமாவடியில் படகு வைத்திருக்கிற சம்பந்தியின் மகன், ராணுவத்தில் இருக்கிறவன். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாகத் தினம் வந்து போகிறான். நிச்சயதார்த்தத்தன்று அவன் எப்படி இருந்தான் என்று நீயும் பார்த்தாய். தொப்பையும் தானுமாக, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான், தின்ற தட்டிலேயே கை கழுவினான். இப்போது வந்திருப்பவனுக்குக் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். மத்தியானம் படுத்து எழுந்தால் போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து வைக்கிறான். உன் பெரியம்மா ஆசையாகக் கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். “வேணாங்க அத்தை, தயிர்சோறு போதும்” என்றுவிட்டான். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை மீன் வேண்டாம் என்கிறதா என்று அப்போது கரண்டியைக் கீழே வைத்தவள்தான், அதிலிருந்து அவனை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

எனக்குக் காரணம் தெரியும். போன மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. எண்ணெய், மீன் எல்லாம் கொஞ்ச நாளைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை நான் எடுத்துச் சொன்னதும் உன் பெரியம்மா ஒரு சிரிப்புச் சிரித்தாள். “அந்தக் கொட்டகை டாக்டரு சக்திதரன்ட்ட என்ன சொல்லி அனுப்புனாரு? வீட்ல கேட்டா மஞ்சக்காமாலைன்னு சொல்லுன்னுதான?” ஜெரால்டு, வசந்துக்குக் காமாலை வந்த சங்கதியைப் போனில் உனக்குச் சொன்னவன் நான். அதைத் தூக்கி அப்படியே சீரியலில் வைத்துவிட்டாய். இனிமேல் அவன் உண்மையைச் சொன்னாலும் அது உன் வசனமாகத்தான் வந்து விழுகிறது. “எங்கிட்டு வேல பாக்குறீங்க மாப்ள?” என்று அவள் கேட்க, “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க அத்தை” என்று அவன் சொல்ல, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சக்திதரனும் இதையேதான் சொன்னானாம்.

அதோடு விட்டதா? போன வாரம் அவள் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ‘ராணுவ ரகசிய முகாமிலிருந்து கசிந்த காட்சி, அழிப்பதற்குள் பாருங்கள்’ என்று மேலே சிவப்பு எழுத்து. உள்ளே ஓடுவது உன் சீரியல் காட்சி! சேனல் முத்திரையை மட்டும் மங்கலாக்கியிருக்கிறார்கள். ஊசி போடுகிற டாக்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பது யார்? நீ. அன்றைக்கு ஆள் பற்றவில்லை என்று நீயே போய் நின்றதாகச் சொன்னாயே, அதுதான். “பாருங்க, நம்ம ஜெரால்டு! உள்ள இருந்து கண்ணால பாத்தவன், அதான் இம்புட்டு வெவரமா எழுதுறான்” என்கிறாள். ஊரில் சுற்றுகிற கதையிலிருந்து உன் சீரியல், உன் சீரியலிலிருந்து வீடியோ, கடைசியில் அந்த வீடியோவே உன் சீரியலுக்குச் சாட்சி. தன் மனுவுக்குத் தானே சான்றொப்பம் போட்டுக்கொண்டு வருகிறவனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறேன்.

நான் இதையெல்லாம் நம்பவில்லை. ஆனாலும் பெண்ணைப் பெற்றவன். நேற்று அவனைத் தண்ணீர்த் தொட்டி பார்க்கலாம் என்று மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், ஒன்றும் தெரியாதவன்போல் “உங்க அப்பா படகுக்கு என்ன பேரு மாப்ள?” என்று கேட்டேன். “சகாய மாதா. ஏன் மாமா, மறந்துட்டீங்களா?” என்று ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தப் பார்வையில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது, உன்னிடம் மறைப்பானேன். சரியாகச் சொல்லிவிட்டானே என்று கீழே வந்து சொன்னால், “உருப் போட வச்சுத்தான அனுப்புவாங்க” என்கிறாள் உன் பெரியம்மா. பிளெஸ்ஸி லேபில் வேலை பார்ப்பதால் அவன் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கச் சொல்லி நச்சரித்தாள். “ரத்தம் எடுத்தா குரூப்புதாம்மா தெரியும், ஆளு தெரியாது” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

இப்போது தலைபோகிற காரியத்துக்கு வருகிறேன். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது, கடைசி ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசிப்பார். அதைக் கேட்டு யாரும் எழுந்து நின்று என் ஆயுசில் பார்த்ததில்லை. உன் பெரியம்மா எழுந்து நிற்கப் போகிறாளாம். “பேரு சரி சாமி, ஆளு வேறன்னு சொல்லுவேன். பொய் சொன்னாத்தான பாவம்?” என்கிறாள். பிளெஸ்ஸி என்னிடம் வந்து, “அப்பா, அத்தன பேரு முன்னாடி அம்மா அப்படி எந்திரிச்சா, அவரு மூஞ்சில நான் எப்படிப்பா முழிப்பேன்?” என்று கேட்டாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். நல்ல பையன் ஜெரால்டு. என் மகளும் அவன்மேல் உயிராக இருக்கிறாள். இது கெட்டுப்போனால் நான் தாங்கமாட்டேன்.

ஆகவே மகனே, சனிக்கிழமைக்குள் எப்படியாவது கதையைத் திருப்பு. கொட்டகையும் இல்லை, ஊசியும் இல்லை, எல்லாம் சக்திதரன் காய்ச்சலில் கண்ட கனவு என்று எழுது. முடியாவிட்டால் அந்தப் பழைய நடிகரைக் கையைக் காலைப் பிடித்தாவது கூட்டிவந்து, பழைய முகத்தோடு வாசலில் நிறுத்து. ராணுவம் யாரையும் மாற்றி அனுப்புவதில்லை என்று உன் பெரியம்மா டிவியில் பார்த்தால்தான் நம்புவாள். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

உன் சம்சாரத்தையும் பேரப்பிள்ளையையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். மோட்சத்தில் இருக்கிற சகல அர்ச்சியசிஷ்டவர்களும் உன் பேனாவுக்குக் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
கலங்கிய மனதுடன்,
பெரியப்பா அருள்தாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தேன். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நான் போனபோது வசந்த் மாவு ஆட்டி எடுத்து வைத்துவிட்டு, கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தான். வீட்டுத் தட்டு முழுவதையும் தேய்த்துக் கவிழ்த்திருந்தான். உன் பெரியம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேளையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: “மாத்துனவங்க நல்லாத்தான் மாத்திருக்காங்க. பிளெஸ்ஸி குடுத்து வச்சவ. ஞாயித்துக்கெழம நான் எந்திரிக்கல. ஆனா அந்தப் பழைய வசந்து அங்கிட்டு இருந்து தப்பிச்சு இங்கிட்டு வந்து நின்னுறக் கூடாது, சொல்லிப்புட்டேன்.” அதனால் ஜெரால்டு, உனக்குப் புண்ணியமாகப் போகும், கனவு கினவு என்று எதையும் எழுதிவிடாதே. தாலி ஏறுகிறவரைக்கும் பழைய சக்திதரன் கொட்டகையை விட்டு வெளியே வரவே கூடாது.

இன்னொன்று. நீ உள்ளே நின்று பார்த்தவன் என்பதால் உன்னிடமே விசாரிக்கச் சொல்கிறாள். ரிட்டயர் ஆனவர்களையும் அங்கே சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கிறாள். என் வேட்டி சட்டையை ஒரு பையில் மடித்து வைத்திருக்கிறாள்.