பன்னிரண்டு மணிச் சைரனும் என் பெல்பொட்டமும்

வடிவாக உடுத்திய அன்றுதான் மனிதனுக்கு மூளை வேலை செய்யாது. மற்றவர்களைப் பற்றித் தெரியாது. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எழுபதுகளில் எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. சாப்பாட்டு நேரத்துக்குச் சைரன் ஊதுவது என் கடமைகளில் ஒன்று. (மற்றக் கடமைகள் நினைவில்லை. அன்றும் இருக்கவில்லை.) ஓய்வு நேரத்தில் மரியதாஸ் அண்ணையின் பொப் இசைக் குழுவில் மராக்காஸ் என்கிற கிலுகிலுப்பையைக் குலுக்குவேன். பகலில் கிரேன் ஓட்டுகிற அவர் பாடத் தொடங்கினால் பாதிரியாரின் காலும் மேசைக்கு அடியில் தாளம் போடும். அப்படி ஒரு குரல்.

அவருடைய மூன்று பாட்டுகளைக் கொழும்பில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். நாலாவதை இசைத்தட்டாக்கிப் பார்ப்போமென்று ஒரு கம்பனிக்காரர் ஒலிப்பதிவு மெசினோடு துறைமுகத்தடி மாதா கோயில் மண்டபத்துக்கே வந்தார். ஒத்திகையிலேயே நாடா தீர்ந்துகொண்டு வந்தது. மிச்சம் ஒரு தடவைக்குத்தான் காணும். மனிசன் ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கவும் வேண்டும்.

அன்று எனக்குப் பதிலாகச் சைரனடியில் கிண்ணியா நசீர் காக்கா.

"தம்பி, சைரனைப் பத்து நிமிசம் பிந்தி ஊதச் சொல்லிக் காக்காட்டைச் சொன்னனீயோ?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம் அண்ணை, சொல்லிப்போட்டன்."

சொல்லவில்லை. சொல்லப் போகும் வழியில் தையல்கடையில் புதிய பெல்பொட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியை விட்டு வர மனம் வரவில்லை. (இசைத்தட்டில் காற்சட்டை தெரியாது என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.) பன்னிரண்டுக்குள் பாட்டு முடிந்துவிடும் என்று நம்பினேன். பொங்கோ மேளத்தைச் சூடுகாட்டி முறுக்கேற்றவே நேரம் போய்விட்டது.

இரண்டாவது சரணம் முடிய, ஊ... என்று கிளம்பியது சைரன். பதறிப்போய் மராக்காஸைக் குலுக்கினேன். நல்லவேளை, தாளத்தில் குலுக்கினேன். கம்பனிக்காரர் மெசினை நிறுத்தக் கையை நீட்டினார். அண்ணை தலையாட்டி மறித்தார். பாட்டின் சொல்லை விட்டுவிட்டு, "ஏ..." என்று சைரனோடு சேர்ந்து ஏறினார். அது ஏற ஏற அவரும் ஏறினார். கிற்றார்க்காரன் வாயைப் பிளந்தபடி அவருக்குப் பின்னால் ஓடினான். சைரன் இறங்க இவரும் இறங்கி, "ஆடடா!" என்று சரியாகத் தாளத்தில் வந்து குதித்தார் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி ஒரு கலைஞனை நான் பிறகு காணவில்லை.

"சைரன் அந்தமாதிரி! ஆற்ரை யோசனை?" என்றார் கம்பனிக்காரர்.

"தம்பியின்ரை ஏற்பாடு," என்று அண்ணை என் தோளைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற பிடி. ஏச்செல்லாம் அந்தப் பிடியில்தான்.

இறக்கக்கண்டியிலிருந்து கொழும்புவரை அந்த இசைத்தட்டுக்கு ஆடாத கலியாண வீடு இல்லை. ஆனால் மேடையில் பாடும்போது சைரனுக்கு எங்கே போவது? அந்த இடம் வந்ததும் சனம் முழுக்க என்னைப் பார்க்கும். கையைக் குவித்து நான்தான் ஊத வேண்டும். என் சொந்தக் கலியாணத்திலும் மாப்பிள்ளைக் கோட்டோடு எழும்பி ஊதினேன். விசயம் தெரியாத பெண்ணின் மாமா, "பிள்ளை, மாப்பிள்ளைக்கு இது அடிக்கடி வாறதோ?" என்று அவளிடம் இரகசியமாகக் கேட்டாராம்.

"தெரியாது மாமா, நானும் இண்டைக்குத்தான் காணுறன்," என்றாளாம் என் மனைவி.

இப்போதும் வீட்டில் நான் கோபத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும். "பிள்ளையள், அப்பாவுக்கு வந்திட்டுது, எழும்பி ஆடுங்கோ!" என்கிறாள்.