மேலே போன குழாய்

ஒல்லாந்துக்காரர்கள் தமிழருக்கு அளித்த மாபெரும் கொடைகள் இரண்டு. ஒன்று, கக்கூசு என்ற சொல். மற்றொன்று, பழவேற்காட்டுக் குப்பமொன்றில் அவர்கள் நிறுவிய 'பத்திர அடுப்பு'. முதலாவதை நாம் இன்றும் விடவில்லை. இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நன்றிகெட்ட உலகம்!

அந்தக் குப்பத்துக் குடிசைகள் கடலோரத்திலிருந்து மேற்கு நோக்கிச் சுவரோடு சுவராக ஒரே வரிசையில் நின்றன. மேற்குக் கோடியில் செல்வம்மாள் வீடு. அதற்கும் மேற்கே, கை நீட்டினால் தொட்டுவிடலாம், கோட்டைத் துரைமாரின் வெடிமருந்துக் கிடங்கு. குப்பத்தார் வாயில் அது வெறும் 'மருந்து'. மருந்துக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசைகளில் நெருப்பு எரிவது துரைமாரின் தூக்கத்தைக் கெடுத்தது. குடிசை முதலில் வந்ததா, கிடங்கு முதலில் வந்ததா என்ற அற்ப விவகாரங்களில் அவர்கள் இறங்கவில்லை. வீட்டுக்கொரு மூடி போட்ட அடுப்பு, புகை வெளியேறச் சுட்டமண் குழாய் என்று ஆணை பிறப்பித்தார்கள்.

'அடுப்புப் பாதுகாப்பு மேலாளர்' கொர்னேலிஸ் துரை மணல்மேட்டில் ஏறி நின்று தம் பாஷையில் வெகுநேரம் முழங்கினார். துபாஷி தருமலிங்கம் அதை இரண்டே வரியில் தமிழாக்கினார். அவர் பொன்னேரிப் பக்கத்து நெல்வயல்காரர்.

"குழாய் மேலே போகணும். எவ்ளோ மேலே போவுதோ அவ்ளோ நல்லது. கீழே வுட்டா சவுக்கடி!"

எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு மேலே என்றால் மேற்கு, கரை இருக்கும் திசை. கீழே என்றால் கிழக்கு, கடல். ஆகாயத்தைக் காட்ட 'ஒசர' என்பான். தருமலிங்கமோ படகில் கால் வைத்தே அறியாதவர்.

பொழுது சாய்வதற்குள் பக்கத்து வீட்டுச் சிங்காரத்தின் குழாய் செல்வம்மாளின் சுவரைப் பொத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"இன்னாடா சிங்காரம், உன் ஊட்டுப் புகையைக் கொண்டாந்து என் ஊட்ல வுட்டுட்டே?"

"நானா வுட்டேன்? ஆணை, யக்கா. கீழூட்டுப் புகை எனக்கு வருது. நான் வாங்கி உனக்கு அனுப்பறேன். நீ மேலே அனுப்பு."

"மேலே மருந்துடா, பாவி!"

"அத்தெல்லாம் துரைங்க பாத்துப்பாங்க."

இப்படியாக வரிசையின் மொத்தப் புகையும் ஒழுங்கு தவறாமல் செல்வம்மாள் வீட்டில் வந்து கூடியது. உள்ளே அவள் மகள் குணசுந்தரி பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். குழந்தை இருமி இருமி நீலம் பாரித்தது. செல்வம்மாள் துபாஷியிடம் ஓடினாள்.

"சாமி, எங்க ஊட்டுக்கு மேலே துரைங்க இருக்காங்களே. குழாயை எப்படி வுடறது?"

தருமலிங்கம் மீசையைத் தடவினார். "மேலே துரைங்க இருக்காங்கன்னு எனக்கே சொல்றியா? அவங்க மேலே இருக்கறதாலதான் உனக்கு அடுப்பே வந்துது."

"புகை அங்க போனா கோச்சுக்க மாட்டாங்களா?"

"போகலைன்னாதான் கோச்சுப்பாங்க. போ, போ."

செல்வம்மாளுக்கு மருந்து என்றால் பயம்தான். ஆனாலும் குழந்தையின் மூச்சு பெரிதல்லவா? கிடங்குச் சுவரிலிருந்த காற்றுத் துவாரத்தில் குழாயைச் செருகினாள். வீட்டுக்குள் புகை வடிந்தது. குழந்தை ஒரு பாடு அழுதுவிட்டுப் பால் குடித்தது.

மறுநாள் கொர்னேலிஸ் துரை பரிவாரத்தோடு பார்வையிட வந்தார். செல்வம்மாள் வீட்டுக்குள் மூக்கை நீட்டி முகர்ந்தார். புகையே இல்லை! ஆனந்தமாக வெளியே வந்தவர், மருந்துக் கிடங்கின் ஓட்டிடுக்குகளில் புகை சுருள் சுருளாகக் கிளம்புவதைக் கண்டார்.

துரை தொப்பியோடு பக்கத்திலிருந்த பழவேற்காட்டு ஏரியில் பாய்ந்தார். துபாஷி வாழ்நாளில் முதன்முறையாகப் படகேறி, வலைக்குவியலுக்கு அடியில் படுத்துக்கொண்டார். காவல்காரர்கள் காவலை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார்கள்.

"அடுப்பை அவிங்கடீ!" என்று அலறிக்கொண்டு செல்வம்மாள் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். துவாரத்தை ஈரச்சாக்கால் அடைத்தாள். வீடு வீடாக ஓடிக் குடங்களைக் கவிழ்த்தாள். குப்பம் முழுக்கச் சோறு பாதி வேக்காட்டில் நின்றது. ஒன்றும் வெடிக்கவில்லை.

கோட்டையில் நேர்மையான விசாரணை நடந்தது. 'உயிரைத் துச்சமென மதித்து' நீரில் குதித்த துரைக்குப் பாராட்டு. மொழித்தொண்டாற்றிய தருமலிங்கத்துக்குச் சால்வை. மருந்துக்கு ஆபத்து விளைவித்த செல்வம்மாளின் குடிசையை உடனே பிரித்துப் போடும்படி உத்தரவு.

அன்றைக்கே ஓலையும் கழியும் வெயிலில் கிடந்தன. முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு குணசுந்தரி மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"கொயந்தையை எங்க படுக்க வைக்கிறது, சாமி? ஆணையில இன்னா சொல்லிக்கிறாங்க?" என்று செல்வம்மாள் கேட்டாள்.

தருமலிங்கம் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஆணையைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். கிடங்குக்குப் புதுக்கூரை. சுற்றிலும் மதில். மழைக்குத் தார்ப்பாய், வெயிலுக்கு நிழல், காவலுக்கு இன்னும் ஆட்கள். மருந்துக்காக எல்லாமே இருந்தது. அந்தக் குழந்தைக்காக மருந்துக்குக்கூட ஒன்றும் இல்லை.