சைடு ஸ்டாண்டு மேல் புளிசாதம்

மகளுக்கு வளைகாப்பு. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து அரியமங்கலத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கட்டுச்சாதம் கொண்டுபோக வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

பிறந்த வீட்டுச் சோறு ராகுகாலத்துக்கு முன்னால், ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் "பாவம், அம்மா இல்லாத பொண்ணு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். என் மனைவி போன பிறகு நான் பயப்படுவது அந்த ஒரு பேச்சுக்குத்தான்.

விடியும் முன்பே எழுந்து நானே கிளறினேன். புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம்.

மாடி வீட்டு ரங்கராஜன், "ஆட்டோ கூப்பிடுங்க சார்" என்றார்.

"ஆட்டோவுல குலுங்கும். நம்ம பைக்குன்னா நான் பதமா ஓட்டுவேன்."

இந்தத் திமிர்தான்!

பெரிய தூக்குகளைப் பின் சீட்டில் அடுக்கிக் கட்டினோம். கோபுரம் மாதிரி நின்றது. காலைத் தூக்கிப் போட்டு ஏறலாம் என்றால், கால் அந்த உயரத்துக்கு வர மறுத்துவிட்டது.

"எல்லாத்தையும் அவுத்துட்டு நீங்க முதல்ல உக்காருங்க. நான் உங்களைச் சுத்திக் கட்டிடறேன்" என்றார் ரங்கராஜன்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது! முதுகுக்குப் பின்னால் பொங்கலும் தயிர்சாதமும். டேங்க் மேல் வளையல் பெட்டி. இரண்டு பக்கமும் புளிசாதமும் மற்றதும் வைத்த பைகள். துணி காயும் கொடிக்கயிற்றை எடுத்து வந்து இறுக்கினார். முகம் மூடும் ஹெல்மெட்டையும் அவரே மாட்டிவிட்டார்.

"அசையுதா சார்?"

"நானே அசையல!"

காவிரிப் பாலத்தில் பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்க்காரர் குனிந்து பார்த்தார். "அண்ணே, உள்ள ஆள் இருக்கா?"

அரியமங்கலம் வந்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டு வாசல் சரிவு. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காலால் சைடு ஸ்டாண்டைத் தேடினேன். தொங்கிய பை அதை முழுசாக மறைத்திருந்தது. கையை எடுத்தால் வண்டி சாயும். மொத்தச் சோறும் தெருவுக்குப் போகும்!

சம்பந்தி ஓடி வந்தார். "வாங்க சம்பந்தி, இறங்குங்க."

"வண்டியப் பிடிங்க!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கு மட்டும்தான் கேட்டது. தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன்.

அவர் முகம் மாறியது. பெண்ணைக் கொடுத்தவர் வாசல்வரை வந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தால், எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"கோவமா வந்திருக்காரு!" செய்தி வீட்டுக்குள் போனது. கூட்டம் வெளியே வந்தது.

சம்பந்தி தன் மனைவியை முறைத்தார். "பத்திரிகையை வாட்ஸ்அப்புல அனுப்பாத, நேர்ல போய்க் கூப்பிடுவோம்னு சொன்னேன்ல?"

"அது மட்டுமா? தீபாவளிக்கு அவரு எடுத்துக் குடுத்த வேட்டியை உங்க தம்பிக்குத் தூக்கிக் குடுத்தது யாரு?"

வேட்டி விஷயம் எனக்குப் புதுசு! மறுபடி தலையை ஆட்டினேன்.

"மன்னிச்சிருங்க சம்பந்தி" என்று கும்பிட்டார். மாப்பிள்ளையும் கும்பிட்டார். யாரென்றே தெரியாத ஒருவரும் கும்பிட்டார். பாரம் தாங்காமல் என் கைகள் நடுங்க ஆரம்பித்தன.

"ஐயையோ, ஆத்திரத்துல உடம்பு ஆடுது பாருங்க!"

கடைசியில் மகள் இடுப்பைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். ஒரே பார்வைதான்.

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தை! சைடு ஸ்டாண்டு மேல புளிசாதம் தொங்குது. யாராவது வண்டியப் பிடிங்க!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கயிற்றை அறுத்து, என்னை இறக்கினார்கள். தயிர்சாதம் பாதி தூக்கில் இருந்தது. மீதி என் சட்டை முதுகில் இருந்தது.

சம்பந்தியம்மா தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நிறைவா இருக்கு அண்ணே. ஒரு குறையும் இல்ல" என்றார் அவசரமாக. வேட்டியைப் பற்றி நான் கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டுமே!

கட்டுச்சாதத்தைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. சம்பந்தியே நின்று பரிமாறினார்.

பைக்கில் சாமான் கட்டுகிறவர்கள் சைடு ஸ்டாண்டை மறைக்காமல் கட்டுங்கள். போவது சம்பந்தி வீட்டுக்கு என்றால், உங்கள் இஷ்டம்.