தள்ளக்காவின் புதுப் பிக்கப்

வன்னி தட்டை நிலம், மலையும் இல்லை மேடும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லாரும் தள்ளக்காவிடம் ஒருதரம் வந்து பாடம் கேட்டிருக்க வேண்டும். கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் எந்த இடத்தில் நிலம் ஒரு சாண் சரிகிறது என்று தெரிந்த ஒரே பிறவி அவர்தான். நில அளவைக்காரர் முக்காலியை நட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, அரை நாள் பார்த்துச் சொல்வதை அக்கா ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தரையில் படுக்க வைத்து ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். போத்தல் எந்தப் பக்கம் உருளுகிறதோ அந்தப் பக்கம் பிக்கப்பின் மூக்கு.

எல்லாம் அந்தப் பிக்கப் கொடுத்த ஞானம். முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்கு ஊரே இருக்கலாம். நிறம் நீலம் என்று வாகனப் புத்தகத்தில் இருந்தது, கண்ணுக்கு எங்கள் ஊர் வட்டக்கச்சி மண்ணின் நிறம். எஞ்சின் சிங்கம். ஆனால் சிங்கத்தை எழுப்பத்தான் ஆளில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. ஸ்டார்ட்டரை மூன்று தரம் மாற்றினார். மூன்றும் ஒரு போகம் தாண்டவில்லை. நாலாவது தரம் மெக்கானிக் வாயைத் திறக்க முதலே அக்கா கையைக் காட்டி மறித்துவிட்டார்.

"விடுங்கோ. இதின்ரை சாதகத்திலை ஸ்டார்ட்டர் இல்லை."

அதன் பிறகு அந்த வாகனத்துக்கு இரண்டு வழிதான். ஒன்று, சரிவில் நிறுத்தி உருளவிட்டு இரண்டாம் கியரைப் போட்டு எழுப்புவது. மற்றது, ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளுவிப்பது. தள்ளக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடும்.

வீட்டு முற்றத்தில் இரண்டு உழவு இயந்திரப் பெட்டி கிரவல் மண் கொட்டி, பிக்கப்புக்கென்றே ஒரு மேடு கட்டி வைத்திருந்தார். வெளியே போனால் குளக்கட்டு, மதகு, பாலத்தின் அடி என்று பார்த்துத்தான் நிறுத்துவார். கலியாண வீட்டுக்காரர் அழைப்பிதழ் கொண்டு வந்தால் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்கமாட்டார். "மண்டபத்து வாசல் எப்பிடி? தட்டையோ?" என்றுதான் கேட்பார். தட்டை என்றால் மொய் மட்டும் போகும்.

அவரை நான் முதன்முதல் கண்டது, வவுனியாவிலிருந்து மாற்றலாகி வட்டக்கச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிளாக்கராகப் போன அன்று. பஸ்ஸால் இறங்கிச் சங்கத்து வாசலில் நிற்கிறேன். புது வெள்ளைச் சட்டை, மடிப்புக் குலையவில்லை. பிக்கப்பின் யன்னலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"தம்பி, ரெண்டு கையும் சும்மாதானே கிடக்கு?"

"ஓம் அக்கா..."

"அப்ப என்னத்துக்கு வச்சிருக்கிறீர்? வாரும், வந்து தள்ளும்!"

தேத்தண்ணிக் கடையிலிருந்து நாலு பேர் தாங்களாகவே எழும்பி வந்தார்கள். ஐந்தாவது ஆளாக நான். எஞ்சின் பிடித்தது. பிடித்த வேகத்தில் ஒரு கொத்துக் கரும்புகையை என் நெஞ்சில் ஊதிவிட்டுப் பறந்தது. கரிக்கோழியாக உள்ளே போன என்னைச் சங்கத் தலைவர் மேலும் கீழும் பார்த்தார். "சரி, நீர் இனி ஊராள்தான்" என்றார். மாற்றல் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

தள்ளுவதற்கு அக்காவிடம் சட்டதிட்டம் இருந்தது. புது மாப்பிள்ளை தள்ளக்கூடாது. விரதகாரர் கை வைத்தால் போதும், பலம் கொடுக்கத் தேவையில்லை. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு விலக்கில்லை. ஒருமுறை வயல் பார்க்க வந்த பெரிய அதிகாரி ஒருவர், தான் இன்னார் என்று சொல்லத் தொடங்கினார். "அது பிறகு சொல்லலாம் ஐயா, முதல் வலப்பக்கம் வாங்கோ. அந்தப் பக்கம் ஆள் குறையுது" என்றார் அக்கா. ஐயா வலப்பக்கம் போனார்.

எரிபொருளுக்கு நாள்கணக்காக வரிசையில் கிடந்த காலத்தில் நாடு முழுக்க வாகனம் தள்ளப் பழகியது. எங்கள் ஊருக்கு அது புதுப்பாடமே இல்லை. அக்கா வரிசையின் நடுவில் நின்று மற்ற வாகனக்காரருக்கு வகுப்பெடுத்தார். "குனிஞ்சு தள்ளுங்கோ. முதுகாலை தள்ளாதேங்கோ, காலாலை தள்ளுங்கோ."

சிரிப்புக்காக மட்டும் இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மாரிக் காலையில் வாய்க்கால் உடைத்து வீதியை வெள்ளம் மூடிவிட்டது. அம்புலன்ஸ் வர முடியவில்லை. எங்கள் ஒழுங்கை வீடு ஒன்றில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டுவிட்டது. முழங்காலளவு தண்ணீரில் எட்டுப் பேர் தள்ளி எஞ்சினை எழுப்ப, இருவர் முன்னுக்குத் தடியால் வீதியைத் தட்டித் தேட, அக்கா அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். ஆஸ்பத்திரி வாசல் தட்டை. எஞ்சினை நிறுத்தினால் எழுப்ப முடியாது என்று பின்னேரம் வரைக்கும் நிறுத்தாமல், சீற்றை விட்டு இறங்காமல், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்தார். காவலாளி வந்து சத்தம் போட்டார்.

"நீங்கள் கத்துங்கோ தம்பி. உள்ளை கத்துற பிள்ளையைத் திருப்பிக் கொண்டு போக வேணும், நான் இதை நிப்பாட்டமாட்டன்."

ஆண் குழந்தை. தாயும் சுகம். அன்றைக்கு எனக்கு அக்காவைப் பார்க்கப் பயமாகக்கூட இருந்தது. கோயில் தேர் முன்னால் நின்றால் வருமே, அந்தப் பயம்.

இனி நான் செய்த பாவத்துக்கு வருகிறேன். சங்கத்தின் விதைநெல்லை ஊரூராகக் கொண்டுபோய் இறக்குகிற வேலை ஒவ்வொரு காலபோக விதைப்புக்கும் அக்காவுடையது. அதுதான் அவருக்கு அரை வருடச் சாப்பாடு. இந்த முறை மேலிடத்திலிருந்து, வாகனங்களுக்கு நிபந்தனை போடச்சொல்லிக் கடிதம் வந்தது. தலைவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். மூன்றாவது நிபந்தனை: 'வாகனம் பிறர் உதவியின்றித் தானாக இயங்கத் தொடங்குதல் வேண்டும்.' எழுதும்போதே கை கூசியது. எழுதினேன்.

அக்கா அறிவித்தல் பலகையின் முன் நின்று அதை இரண்டு தரம் வாசித்தார்.

"எழுத்து உம்மடையோ?"

"ஓம் அக்கா."

"வடிவாத்தான் இருக்கு. சனிக்கிழமை வவுனியாவுக்கு வாரும். பிக்கப்பைக் குடுத்துப்போட்டு வேறை ஒண்டு எடுக்கிறதோ, விடுகிறதோ எண்டு பாப்பம். எழுதின கைதானே, வந்து பாக்கட்டும்."

சனிக்கிழமை காலை முற்றத்து மேட்டிலிருந்து உருண்டு புறப்பட்டோம். வவுனியா வரைக்கும் நிறுத்தாமல் ஓடினால் ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார். கண்டி வீதியால் போகிற எந்த வாகனமும் அங்கே நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்காமல் போகாது. வாசல் நல்ல தட்டை.

"அக்கா, எஞ்சினை ஓட விட்டிட்டு இறங்குவம்."

"பிள்ளையாருக்கு முன்னாலை இரைஞ்சுகொண்டு நிக்கிறதோ? மரியாதை இல்லையோ?" சாவியைத் திருப்பி நிறுத்தியேவிட்டார்.

கும்பிட்டுவிட்டு வந்தால், பக்கத்தில் தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்குப் போகிற சிங்கள யாத்திரை பஸ் ஒன்று நிற்கிறது. அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. பிக்கப்பைக் காட்டி "தள்ளு" என்றார். அவர்களுடைய பாசையிலும் அது தள்ளுதானாம். பத்துப் பதினைந்து பேர் வெள்ளை உடுப்போடு வந்து பிடித்தார்கள். எல்லார் உடுப்பிலும் புகை. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, கை தட்டி வழியனுப்பினார்கள்.

வவுனியாவில் வாகனம் விற்கிற இடத்தில் கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவர் எங்களைப் பளபளவென்ற ஒரு புது மொடலுக்குள் ஏற்றினார். நாலு கதவு. குளிர்க்காற்று. பட்டனை அமத்தினால் எஞ்சின் பூனை மாதிரி எழும்பியது. அக்கா குனிந்து காலடியில் கையால் தடவினார்.

"தம்பி, கிளச்சைக் காணேல்லை. கழட்டி வித்துப்போட்டியளோ?"

"இது ஒட்டோ கியர் அம்மா. கிளச் தேவையில்லை."

"அப்ப நிண்டிட்டால் எப்பிடித் தள்ளி எழுப்புறது?"

"இதைத் தள்ளி எழுப்பேலாது. ஆனால் இது நிக்காது அம்மா."

"நிக்காத வாகனம் உலகத்திலை இல்லை. நிண்டால்?"

"இந்த நம்பருக்கு ஒரு கோல் எடுத்தீங்களெண்டால் ஆள் அனுப்புவினம்."

"எங்கையிருந்து?"

தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொழும்பிலையிருந்து" என்றார்.

"குளக்கட்டிலை நிண்டால் கொழும்பிலையிருந்து வந்து தள்ளுவினமோ?" என்று கேட்டுவிட்டு அக்கா இறங்கிவிட்டார்.

கடைசியில் மூலையில் நின்ற, முன்பு வேறொருவர் பாவித்த பிக்கப் ஒன்று அக்காவுக்குப் பிடித்தது. கிளச் இருந்தது, கியர் இருந்தது, சாவியைத் திருப்பினால் உடனே எழும்பியது. சங்கத்து வேலை கையைவிட்டுப் போகாது, அரை வருடம் சாப்பிடலாம். என்றாலும் அக்கா ஒரு மணித்தியாலம் அதையும் பழசையும் மாறி மாறிச் சுற்றி வந்தார். பழசின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். பழசை உள்ளே தள்ளிக்கொண்டு போன பொடியளுக்குப் பின்னால் போய், "வலப்பக்கக் கதவைப் பிடியாதேங்கோ, கழண்டு வரும். முதல் ஒருக்கா ஆட்டிப்போட்டுத் தள்ளுங்கோ, அதுக்கு அதுதான் விருப்பம்" என்றார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

திரும்பி வரும்போதும் முறிகண்டியில் நிறுத்தினார். தேங்காய் உடைத்து, வந்து ஏறி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் எழும்பிவிட்டது. தள்ளுவதற்கென்று எழும்பிய கச்சான்காரி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குந்திவிட்டார்.

கிளிநொச்சி கிட்ட வரத்தான் அக்கா கதை தொடங்கினார்.

"தம்பி, என்ரை மனிசன் செத்த பிறகு அந்தப் பழசை விலைக்குக் கேட்டு ஐஞ்சு பேர் வந்தவை. என்னை எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டு ஒருத்தரும் வரேல்லை. குற்றமும் சொல்லேலாது. தனிப் பொம்பிளை இருக்கிற வீடு, போனால் கதை வரும் எண்ட பயம். அது ஒருநாள் சந்தியிலை நிண்டிட்டுது. அண்டைக்குத்தான் ஊர் எனக்குக் கிட்ட வந்தது. தள்ளிப்போட்டுச் சும்மா போகேலாதே, நாலு வார்த்தை கதைச்சுப்போட்டுத்தான் போவினம்." கியரை மாற்றினார். "இது தானா எழும்புது. இனி ஆர் வருவினம்?"



திங்கட்கிழமை காலை சங்கத்து வாசலில் விதைநெல் மூட்டைகளை ஏற்றி முடித்தாயிற்று. தலைவர் நிபந்தனைக் கோப்போடு வந்து நின்றார், வாகனம் தானாக எழும்புகிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அக்கா ஏறியிருந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு, எஞ்சின் எழும்பியது. தலைவர் சரி போட்டார். அக்கா முகத்தில் ஒரு சந்தோசத்தையும் காணவில்லை. மூட்டை எண்ணிக்கைத் துண்டில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று எஞ்சினை நிறுத்தினார்.

நிமிர்ந்து பார்த்தால், தேத்தண்ணிக் கடையிலிருந்து ஆறு பேர் வந்து பிக்கப்பின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அண்ணை, இது சாவியிலை எழும்பும். இப்பதானே பாத்தனீங்கள்" என்றேன்.

"ஓம் தம்பி, பாத்தனாங்கள்" என்றார் முன்னுக்கு நின்றவர். கையை எடுக்கவில்லை.

பக்கக் கண்ணாடியில் அக்காவின் கண் அவர்களைக் கண்டது. சாவிக்குப் போன கை அதைப் பாதி திருப்பியதோடு நின்றது. பிறகு கியருக்குப் போய் இரண்டாவதைப் போட்டது. யன்னலால் அந்தத் தலை எட்டிப் பார்த்தது.

"என்ன வாய் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தள்ளுங்கோவன்! வலப்பக்கம் ஆள் குறையுது!"

தலைவர் கோப்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வலப்பக்கம் ஓடினார். நானும் போய்ப் பிடித்தேன். மூட்டை ஏற்றிய வாகனம், பாரம் கொஞ்சமில்லை. குனிந்து, காலால் தள்ளினோம். எஞ்சின் பிடித்தது. அக்கா யன்னலால் கையை நீட்டி ஆட்டிக்கொண்டு போனார், வளைவு திரும்பும் வரைக்கும் அந்தக் கை உள்ளே போகவில்லை.

நான் என் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தேன். நல்ல எஞ்சின், ஒரு பொட்டுப் புகைகூடப் படவில்லை. எனக்கு அது மட்டும்தான் கொஞ்சம் கவலை.