ஒரு ஈ கூட அண்டாது

தெரியாத விஷயத்தைத் 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருபத்தேழு வயது வரை இல்லை. அதற்குக் காரணம் திமிர் என்று பலரும் நினைத்தார்கள். உண்மையில் களைப்பு. 'தெரியாது' என்றால் ஆள் நகர மாட்டார், பக்கத்திலேயே நின்று யோசிப்பார். ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் போய்விடுவார். அப்படிச் சொன்ன ஒரு பதில்தான் இருநூறு பேர் முன்னால் என் மானத்தை வாங்கியது.

அப்போது நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்கு நடுவில் பத்து மணி நேரம் நிற்பவள். (கையில் ஒரு நோட்டு இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம்.) எனக்குக் கீழே பதின்மூன்று பெண்கள். எல்லாரும் வில்லியனூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்கள். விடியற்காலையில் மாடு கறந்து, சோறாக்கி வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருவார்கள். சாயங்காலமும் அதே இரண்டு பஸ். அதில் இரண்டாவது பஸ் வந்தால் வந்தது. எங்களுக்கு ஒரு வண்டி விடுங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலாளி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். எல்லாரும் 'முசியே' (பிரெஞ்சில் 'ஐயா') என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனிதர். எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டார், செய்யவும் மாட்டார். அந்த வருட ஆண்டு விழாவுக்கு முன்னால் மறுபடியும் போய் நின்றேன்.

"விழா முடியட்டும்மா, பேசலாம்" என்றார். "ரெமி வந்திருக்கான். உங்கள வச்சி ஒரு நாடகம் போடணும்னு ஆசப்படுறான். நீ கவிதைல்லாம் எழுதுவியாமே."

(நான் எழுதியது ஒரே ஒரு கவிதை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கச் சொல்லிக் கேண்டீன் சுவரில் ஒட்டியது.)

ரெமி அவர் மகன். பாரீசில் படிப்பு, லீவுக்கு வந்திருந்தான். அவனுக்கு ஜாம்பி நாடகம் வேண்டும். செத்தவன் எழுந்து நடப்பான், உயிரோடு இருப்பவனைக் கடிப்பான், கடிபட்டவனும் ஜாம்பி ஆகிவிடுவான் என்று விளக்கி, லேப்டாப்பில் ஒரு படமும் போட்டுக் காட்டினான். பாதிப் படத்தில் நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். அந்தப் பாதி அறிவோடு, வண்டிக்காக, ஒரு நாடகம் எழுதினேன். ஒரு கிராமம், ஒரு டாக்டரம்மா, மீதிப் பேரெல்லாம் ஜாம்பி. டாக்டரம்மா நான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை. முதல் நாளே முனியம்மா ஆரம்பித்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வீட்டில் மூன்று மாடு.

"ஏ கலா, இந்த ஜாம்பி மாட்ட கடிச்சா மாடும் ஜாம்பி ஆயிடுமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"ஆயிடுச்சுன்னா பாலு கறக்கலாமா கூடாதா? சொசைட்டில ஊத்துனா எடுப்பானா?"

நான் பதில் யோசிப்பதற்குள், இருப்பதிலேயே சின்னவளான செல்வி குறுக்கே வந்தாள்.

"மாடு கெடக்குது, வுடு. ஜாம்பிய கடிச்ச கொசு நம்மள வந்து கடிச்சா என்னக்கா ஆவும்? சிக்குன்குனியா அப்புடித்தான வந்துச்சு. அப்புறம் ஊர்ல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க. நாடகம் ரெண்டாவது சீன்லயே முடிஞ்சிடும்."

நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சலாக இருந்தது. ரெமியிடம் போய்க் கேட்டேன். அவன் குஷியாகிவிட்டான். சில கதைகளில் நாய் ஆகும், சிலவற்றில் காக்கை ஆகும், சிலவற்றில் அது மனிதனுக்கு மட்டும் வரும் நோய் என்று அரை மணி நேரம் பேசினான். கடைசியில், "கதை எழுதுறவங்கதான் ரூல் போடணும் அக்கா. என்ன ரூல் வேணா போடுங்க. ஆனா போட்டா மாத்தக் கூடாது" என்றான்.

நான் ரூல் போடவில்லை. கேள்விகள் நிற்கவில்லை. கோழி ஆகுமா, ஆகிவிட்டால் முட்டை சாப்பிடலாமா. செத்தவள் தலையில் இருக்கும் பேன் என்ன ஆகும். பிணத்தில் மொய்த்த ஈ நம் சோற்றில் வந்து உட்கார்ந்தால் என்ன கணக்கு. நான்காவது நாள், ஆர்டர் அவசரத்தில் காலையிலிருந்து உட்காராமல் நின்றிருந்த ஒரு மதியத்தில், நான் தீர்ப்புச் சொன்னேன்.

"ஒண்ணும் ஆவாது. மாடு, நாயி, கொசு, பேனு எதுவும் ஆவாது. ஏன்னா எதுவும் கிட்டயே போவாது. ஜாம்பிய பாத்தா நாயி ஓடிடும். ஒரு ஈ கூட அண்டாது. போதுமா?"

"பொணத்த ஈ அண்டாதா?" என்றார் முனியம்மா.

அவர் வாழ்க்கையில் பிணமும் பார்த்தவர், ஈயும் பார்த்தவர். நான் இரண்டையும் சரியாகப் பார்க்காதவள். "அண்டாது" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பேச்சை முடித்துவைக்கும் வேகத்தில் டாக்டரம்மாவுக்கு ஒரு வசனமும் எழுதிச் சேர்த்தேன்: 'அஞ்சாதீர்கள் மக்களே. இவர்களை ஒரு ஈ கூட அண்டாது. இயற்கையே இவர்களை வெறுத்து ஒதுக்கிவிட்டது.' எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.

அடுத்து ரத்தம். பெயின்ட் பூசினால் அரிக்கும். குங்குமத்தைக் கரைத்தால் ஒழுகும். நான் வீட்டில் உட்கார்ந்து யோசித்து, கெட்டியான வெல்லப்பாகில் கேசரிப் பவுடரும் பீட்ரூட் சாறும் கலந்தேன். முகத்தில் அப்படியே நின்றது, பளபளவென்று மின்னியது. தோலுக்கும் கெடுதல் இல்லை. அன்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். (அந்தத் தப்ப இப்பல்லாம் செய்றதில்ல.)

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி முற்றத்தில் ஷாமியானா. மரப் பலகைகளை அடுக்கி மேடை. ஒரு மணிக்கே எல்லாருக்கும் ரத்தம் பூசி, மேடைக்குப் பின்னால், கேண்டீன் ஓரமாக உட்கார வைத்துவிட்டேன். இரண்டு மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் மூன்று மணிக்கு வந்து, நான்கு மணி வரை பேசினார். அந்த மூன்று மணி நேரமும் பதின்மூன்று ஜாம்பிகளும் வெல்லப்பாகோடு வெயிலில் காத்திருந்தார்கள்.

திரை விலகியது. பன்னிரண்டு ஜாம்பிகள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஈ வந்தது. ஒன்று இரண்டு இல்லை. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் ஒரு மேகம். நான் மைக்கைப் பிடித்து, கையை உயர்த்தி, மனப்பாடம் செய்திருந்ததை அப்படியே சொன்னேன்.

"அஞ்சாதீர்கள் மக்களே. இவர்களை ஒரு ஈ கூட அண்டாது."

மெஷின் ஷாப் பையன்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பி, முன்வரிசை வரை வந்தது. நான் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வரியும் மனப்பாடமாக இருந்ததால் அதையும் சொன்னேன். "நாய்கள் இவர்களைக் கண்டால் ஓடும்."

கேண்டீன் நாய்கள் மூன்று மேடை ஏறின. செல்வி கடிபட்டுச் செத்துக் கிடக்கும் பாத்திரம். ஒரு நாய் அவள் உள்ளங்காலை நிதானமாக நக்க ஆரம்பித்தது. பிணத்தின் வயிறு குலுங்கியது. இன்னொரு நாய் கன்னத்துக்கு வந்ததும் பிணம் எழுந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ஜாம்பிகளின் தலைவி முனியம்மா மட்டும் கடைசிவரை கௌரவமாக நடந்து என்னருகே வந்தார். என்னைக் கடிக்க வேண்டிய இடம். கடிக்கவில்லை. மைக்கில் கேட்கும்படி அமைதியாகச் சொன்னார்:

"ஏ கலா, நீ ஈயத்தான சொன்ன. எறும்பப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே."

சொல்லிவிட்டுப் புடவையை உதறிக்கொண்டு குழாயடியைப் பார்த்து ஓடினார். மற்ற ஜாம்பிகளும் பின்னாலேயே, விருந்தினர் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து ஓடினார்கள். விளையாட்டு என்று நினைத்து நாய்களும் ஓடின. காலி மேடையில் நான் மட்டும் நின்று, மிச்சமிருந்த ஒன்றரைப் பக்க வசனத்தையும் சொல்லி முடித்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சிரித்தது வலிக்கவில்லை. பதினான்கு பேரின் வண்டி என் வாயால் போயிற்றே என்றுதான் அழுகை வந்தது.

பாகு தண்ணீரில் போய்விட்டது. கேசரிப் பவுடர் போகவில்லை. முகமும் புடவையும் சிவப்பாக எல்லாரும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றோம். இரண்டு பஸ் நிற்காமலே போயின. மூன்றாவது நின்றது. கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி பஸ்ஸு எதிர்ப்பக்கம் வரும்மா" என்று சொல்லி விசில் அடித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் கம்பெனிக்கே திரும்பினோம். காரில் ஏறப்போன முசியே எங்களைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்தார். மூடிப் பெட்டிகள் ஏற்றும் டெம்போவின் டிரைவரைக் கூப்பிட்டு, "ஆறுமுகம், இவங்கள ஊர்ல வுட்டுட்டு வந்துடு" என்றார்.

திங்கட்கிழமை நான் முசியே கண்ணில் படாமல் வேலை செய்தேன். சாயங்காலம் வெளியே வந்தால், முனியம்மாவும் மற்றவர்களும் டெம்போவில் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. "எறங்கச் சொல்லுங்க மேடம்" என்று ஆறுமுகம் என்னிடம் வந்தார். எனக்குச் சொல்லத் தெம்பில்லை. நானும் ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

முசியே வெளியே வந்தார். சாயம் போகாத பதின்மூன்று முகங்கள் அவரைப் பார்த்தன.

"சரி, போங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமையும் ஏறினோம். அதற்கு அனுமதி என்று ஒருவரும் கொடுக்கவில்லை. கூடாது என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து சீட் வைத்த நிஜ வேனே வந்தது. கேட் வாட்ச்மேன் டெம்போவுக்கு வைத்த பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. 'ஜாம்பி வண்டி.' வில்லியனூர் பக்கம் கல்யாணம், காரியம் என்று போனால் இன்னும் யாராவது கேட்பார்கள், "நீங்க ஜாம்பி வண்டியில வருவீங்களே, அந்த அக்காதான?"

வேலையில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். பையைத் தோளில் தொங்கவிட்டு, காலை இழுத்து இழுத்து வீட்டுப் படி ஏறும்போது என் மகள் ஜன்னலில் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பாள்.

"அப்பா, ஜாம்பி வந்துடுச்சு. காப்பி போடு."