என் போனுக்கு யாழினியின் அனுமதி

போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தரத் தெரிந்த ஒருவன் கிடைத்தால் போதும், மொத்தக் குடியிருப்பும் சேர்ந்து அவனை நிபுணன் ஆக்கிவிடும். சேலையூரில் எங்கள் பதினெட்டு வீட்டுக் குடியிருப்பில் அந்த நிபுணன் நான். தொழில் என்னவோ ஒரு கம்பெனிக்கு நட்டு, போல்ட்டு வாங்கிப் போடுவது. ஆனாலும் நாலு பேர் "சாரைக் கேட்டா தெரியும்" என்று சொல்லும்போது மறுக்க மனம் வருமா? (எனக்கு வரவில்லை.)

மகள் யாழினி எட்டாம் வகுப்புக்குப் போனதும் வீட்டுப்பாடமெல்லாம் போனில் வர ஆரம்பித்தது. மனைவி சுதா புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை அவளிடம் கொடுத்தாள். "சீக்கிரம் கண்ட்ரோல் போடணும், இல்லேன்னா போன் கிடையாது" என்று நான் சட்டம் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அசோசியேஷன் செயலாளரிடம் போய், "பிள்ளைங்க போனை எப்படிக் கட்டுப்படுத்தறதுன்னு ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் நானே செஞ்சு காட்டறேன் சார்" என்று வாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மாலை வேலையில் இறங்கினேன். பெற்றோருக்கான ஆப்பை என் போனில் திறந்தால், "பெற்றோராக இருக்க உங்களுக்கு வயது போதாது" என்றது. எனக்கு நாற்பத்தாறு. காலையில் பிரஷருக்கு ஒரு மாத்திரை, இரவில் சர்க்கரைக்கு ஒன்று. இன்னும் என்ன வயது வேண்டுமாம்? புத்தியுள்ளவன் அங்கேயே நின்று யோசித்திருப்பான். நான் "ஆப்பு சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு சுதாவின் போனை வாங்கினேன். அதில் வேலை மளமளவென்று முடிந்தது. பிள்ளையின் கணக்கு எது என்று கேட்டது. யாழினி என்ற பெயரைத் தொட்டேன். பச்சை டிக் விழுந்தது. அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறு காலை பதினோரு மணி. குடியிருப்பின் மீட்டிங் ஹாலில் இருபது பெற்றோர், பாதிப் பேர் பிள்ளைகளோடு. சுதாவின் போனைப் பெரிய டிவியில் இணைத்தேன். யாழினியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன், சோதனைக்கூட எலி மாதிரி.

"முதல்ல பாருங்க, கடந்த வாரம் பொண்ணு எவ்வளவு நேரம் போன் பார்த்தான்னு அதுவே சொல்லும்."

சொன்னது. ஒரு நாளைக்கு ஐந்து மணி பத்து நிமிடம். அதில் குட்டி வீடியோக்கள் மூன்று மணி நேரம். பழங்களை உடைக்கும் விளையாட்டு ஒரு மணி நேரம். ஹாலில் "அய்யய்யோ" என்று ஒரு பெண் குரல் கேட்டது. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், கையில் இப்படி ஒரு அருமையான உதாரணம் கிடைத்த குஷி இன்னொரு பக்கம்.

"யாழினி, எழுந்திரு. பதினொண்ணுலேருந்து ஒரு மணி வரைக்கும் தினமும் வீடியோ பார்த்திருக்க. ஸ்கூல் டைம்ல கூடவா?"

"அப்பா, நான் ஸ்கூலுக்குப் போனே எடுத்துட்டுப் போறதில்லப்பா."

"பொய் வேறயா?"

அவள் கண் கலங்கிவிட்டது. சுதா எழுந்து, "பகல்ல அந்தப் போன் பீரோவுலதாங்க இருக்கு. நானே பூட்டறேன்" என்றாள். "நீ குடுக்கற செல்லம்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்று அவளுக்கும் ஒரு பங்கு கொடுத்தேன். இருபது பேர் பார்க்கிறார்கள் என்ற தைரியம்.

அப்போது இரண்டாம் மாடி ஜாபர் பாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டிவியைக் கூர்ந்து பார்த்தார். கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், சரக்குப் பட்டியலை வரி விடாமல் படித்துப் பழகிய மனிதர்.

"சார், பாப்பா எதுக்கு சார் வழுக்கையில முடி வளர்ற ஆப்பு வச்சிருக்கு?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் என் தலையைப் பார்த்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாத்துக்கும் டென்ஷன் பாய்" என்று விளக்கம் கொடுத்தேன்.

"அதுக்குக் கீழ மூட்டு வலித் தைலம் விக்கற ஆப்பும் இருக்கு சார்."

பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. "இப்ப பாருங்க, இங்கேருந்தே அவ போனைப் பூட்டறேன்" என்று பொத்தானை அழுத்தினேன்.

என் சட்டைப் பையில் ஏதோ உறுமியது. யாழினி தன் போனைத் தூக்கிக் காட்டினாள். அதில் எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. சுதா என் பையில் கைவிட்டு என் போனை எடுத்து, ஹாலுக்கே கேட்கும்படி படித்தாள். "இந்தப் போன் பூட்டப்பட்டுள்ளது. உங்கள் பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்."

விஷயம் இதுதான். ஆன்லைன் வகுப்பு நடந்த நாட்களில், பள்ளியில் கேட்டார்கள் என்று யாழினியின் பெயரும் பிறந்த தேதியும் போட்டு என் போனில் ஒரு கணக்குத் திறந்தேன். வகுப்புகள் முடிந்தன. சோம்பேறித்தனத்தில் அந்தக் கணக்கையே நான் வைத்துக்கொண்டேன். ஆக, இத்தனை வருஷமாக என் போன் என்னை யாழினி என்றே நம்பிக்கொண்டிருந்தது. யாழினி கையில் இருந்த பழைய போனிலோ சுதாவின் கணக்கு அப்படியே இருந்தது. நான் பூட்டியது என்னை. அந்த ஐந்து மணி பத்து நிமிடமும் என்னுடையது. வழுக்கை யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஹால் சிரித்த சிரிப்பில் செயலாளர் மைக்கைக் கீழே போட்டார். பூட்டைத் திறக்க சுதாவின் பாஸ்வேர்டு வேண்டும். "எனக்கு எங்க தெரியும்? யாழினிதானே போட்டுக் குடுத்தா" என்றாள் சுதா.

யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போடறேன். முதல்ல சாரி சொல்லுங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா."

"இவ்வளவு பேர் முன்னாடிதானே திட்டினீங்க?"

சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, போனுக்காக இல்லை. திட்டுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடத் தோன்றவில்லையே என்றுதான். "சாரிம்மா" என்றேன். "மைக்ல" என்றாள். மைக்கிலும் சொன்னேன். ஜாபர் பாய்தான் முதலில் கை தட்டினார்.

அந்தக் கணக்கை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேங்க், கரண்ட் பில், ரயில் சீசன் டிக்கெட் என்று எல்லாம் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த வாரம் மாற்றுகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். அதுவரை எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். (யாழினிக்கென்று அந்தச் சனிக்கிழமை நானே தாராளமாக நிர்ணயித்தது.) மேற்கொண்டு வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும்; யாழினியின் போனில் இருப்பது சுதாவின் கணக்கு என்பதால் விண்ணப்பம் மகளுக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை தோசையோடு என் வார அறிக்கை சத்தமாக வாசிக்கப்படும். விருந்தாளிகள் இருந்தால் இன்னும் சத்தமாக.

போன வாரம் ஒரு நாள் யாழினிக்குப் பள்ளி விடுமுறை, போன் அவள் கையில். நான் ஆபீசில் இருந்தேன். பதினொன்றரைக்கே என் நேரம் தீர்ந்துவிட்டது. இன்னும் பதினைந்து நிமிடம் கேட்டு, காரணம் என்ற கட்டத்தில் "ஆபீஸ் வேலை" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே நிராகரிப்பு வந்தது. பின்னாலேயே அவளிடமிருந்து ஒரு மெசேஜ்.

"பொய் வேறயா?"